அன்றாடம் ஓடும் ஸ்போர்ட்ஸ் காரின் டயர்: குறையைப் பார்த்துக் காரணம் அறிந்து தேர்ந்தெடுக்கும் முறை

ஸ்போர்ட்ஸ் காரை வார இறுதிக்கென்று மூடிவைக்காமல் அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் அதிலேயே போய்வருகிறவர்கள், டயரைப் பற்றி எந்தக் குறை சொன்னாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: இதைவிட நல்ல டயர் எது? அதற்கு ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் மழையில் வழுக்குவது, வளைவில் முன்பக்கம் விலகுவது, உள்விளிம்பு மட்டும் தேய்வது, நெடுஞ்சாலையில் இரைவது ஆகிய எல்லாம் வெவ்வேறு காரணங்களால் வருபவை. அவற்றில் சிலவற்றுக்குத்தான் புதிய டயர் தீர்வாகும். மற்றவற்றில் காரணத்தைச் சரிசெய்யாமல் விலை உயர்ந்த டயரைப் பூட்டினால், அதுவும் சில மாதங்களில் பழைய டயரின் நிலைக்கே வந்துவிடும். ஆகவே குறையிலிருந்து தொடங்கி, காரணத்தை உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகே தேர்வுக்குப் போவது நல்லது.

எதற்கும் முன்னால் டயரைப் படித்தல்

நான்கு டயர்களின் பக்கச்சுவரையும் முதலில் படிக்க வேண்டும். 245/40 ஆர்18 97ஒய் என்று இருந்தால், அகலம் 245 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 40 விழுக்காடு, ரிம்மின் விட்டம் 18 அங்குலம், ஒரு டயர் சுமக்கக்கூடிய எடை 730 கிலோ, தாங்கக்கூடிய வேகம் மணிக்கு 300 கிலோமீட்டர் என்று பொருள். தயாரிப்புக் காலம் நான்கு இலக்கங்களாக ஒரு சிறு கட்டத்துக்குள் இருக்கும்; 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். இந்த எண் பல டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே அச்சிடப்பட்டிருப்பதால், வெளியே தெரியாவிட்டால் காருக்கு அடியில் குனிந்து உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். வரி (தரையைத் தொடும் பரப்பில் வெட்டப்பட்ட பள்ளங்கள்) ஆழமாக இருந்தும் ரப்பர் இறுகிப்போன பழைய டயரை, புதிதுபோல் இருக்கிறதே என்று நம்பி ஓட்டுவது வேகமான காரில் ஆபத்து.

அடுத்தது காற்றழுத்தம். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எண்ணே உங்கள் காருக்குரியது. பக்கச்சுவரில் உள்ள எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு மட்டுமே. மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் இப்போதைய தலைமுறைக்கு நிறுவனம் சொல்லும் அழுத்தம் 29 பிஎஸ்ஐ. ஒரு டன்னைச் சற்றே தாண்டிய எடையுள்ள அந்தக் காருக்கு, மற்ற கார்களின் வழக்கப்படி 35 அடித்துவிட்டால், டயரின் நடுப்பகுதி மட்டும் தரையில் அழுந்தி, கார் மேடுபள்ளத்தில் துள்ளத் தொடங்கும். அழுத்தத்தைக் காலையில், கார் ஓடுவதற்கு முன்பு பார்க்க வேண்டும். வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அழுத்தம் 1 பிஎஸ்ஐ கூடும். நண்பகலில் ஓடிச் சூடான டயரில் தெரியும் கூடுதல் காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் விடியற்காலையில் டயர் குறைந்த காற்றோடு நிற்கும்.

பிறகு வரியின் ஆழத்தை உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடங்களில் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். கீழே வரும் பல முடிவுகள் இந்த மூன்று எண்களைக் கொண்டே எடுக்கப்படுகின்றன.

மழையில் பிடிப்பு இல்லை

அன்றாடம் ஓடும் காருக்கு இதுவே முதன்மையான குறை என்பது என் உறுதியான கருத்து. காய்ந்த சாலையில் நல்ல டயர்கள் எல்லாமே சராசரி ஓட்டுநரின் தேவைக்கு மேல் பிடிப்பு தருகின்றன. ஈரச் சாலையில்தான் டயருக்கும் டயருக்கும் உள்ள வேறுபாடு உயிருக்கு விலையாகிறது.

முதலில் இது எந்த வகை வழுக்கல் என்று பிரித்தறிய வேண்டும். மெதுவான வேகத்திலேயே, சாலை வெறுமனே நனைந்திருக்கும்போதே பிரேக்கில் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) துடிக்கிறது, சிக்னலில் கிளம்பும்போது பின்சக்கரம் சுழல்கிறது என்றால், குறை ரப்பர் கலவையில் இருக்கிறது: டயர் வயதாகி இறுகியிருக்கலாம், அல்லது ஈரத்துக்கென்று வடிவமைக்கப்படாத கலவையாக இருக்கலாம். நெடுநாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில் எண்ணெயும் தூசியும் கலந்த படலம் எந்த டயரையும் வழுக்கவைக்கும் என்பதால், அந்த முதல் அரைமணி நேரத்தை வைத்து டயரை மதிப்பிடக் கூடாது.

மாறாக, நகருக்குள் எந்தக் குறையும் இல்லாமல், வேகம் 80ஐத் தாண்டி, தேங்கிய நீரில் இறங்கும்போது மட்டும் ஸ்டீயரிங் திடீரென இலேசாகிக் கார் மிதப்பதுபோல் தோன்றினால், குறை வரியின் ஆழத்திலும் டயரின் அகலத்திலும் காற்றழுத்தத்திலும் இருக்கிறது. கணக்கு எளிமையானது. 225 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர், 2 மில்லிமீட்டர் நீர் நிற்கும் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால், ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 10 லிட்டர் நீரைத் தன் வழியிலிருந்து விலக்க வேண்டும். அகலம் கூடினால் இந்த அளவும் கூடும். அதை வெளியேற்றும் வரிப்பள்ளங்களோ தேயத் தேயச் சுருங்கிக்கொண்டே வரும். நாசா ஆய்வாளர்கள் 1963இல் வெளியிட்ட ஆய்வின்படி, நீரை வெளியேற்ற வரி போதாத நிலையில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அந்தச் சூத்திரத்தில் 35 பிஎஸ்ஐக்கு அந்த வேகம் மணிக்கு சுமார் 98 கிலோமீட்டர், 28 பிஎஸ்ஐக்குச் சுமார் 88. விமான டயர்களை முன்வைத்துப் பிறந்த சூத்திரம் என்பதால் காருக்கு அதை அப்படியே எல்லையாகக் கொள்ள முடியாது. ஆனால் காற்றைக் குறைத்தால் மழையில் பிடிப்பு கூடும் என்ற பரவலான நம்பிக்கை தேங்கிய நீரைப் பொறுத்தவரை தலைகீழானது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகளாகத் தெரியும் தேய்மானக் குறிகள் 1.6 மில்லிமீட்டரில் வைக்கப்பட்டிருக்கின்றன. சட்டத்தின் பார்வையில் அதுவரை ஓட்டலாம். புதிதாக 7 முதல் 8 மில்லிமீட்டர் ஆழத்தோடு வந்த அகலமான டயரை, மழைக்காலத்தில் 3 மில்லிமீட்டருக்குக் கீழே ஓட்டாமல் இருப்பதே அறிவு. சென்னையில் இருப்பவர் இந்த அளவீட்டைச் செப்டம்பரிலேயே, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

இரண்டு டயர்களை மட்டும் மாற்றும் நிலை வந்தால், முன்சக்கர இயக்கமானாலும் பின்சக்கர இயக்கமானாலும் புதியவை பின்பக்கம்தான் போக வேண்டும். முன்பக்கம் மிதந்தால் கார் நேராகப் போகும். ஓட்டுநர் அதை உணர்ந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க நேரம் இருக்கும். பின்பக்கம் மிதந்தால் கார் சுழலும்.

காலையில் கிளம்பும்போது வழுக்கி, சற்று ஓடியதும் சரியாகிறது

இது டயரின் பழுதைக் காட்டுவதில்லை. டயர் எந்தக் காலநிலைக்காகச் செய்யப்பட்டது என்பதைக் காட்டுகிறது. கோடைக்கால செயல்திறன் டயரின் ரப்பர், வெப்பநிலை சுமார் 7 டிகிரிக்குக் கீழே போகும்போது இறுகத் தொடங்குகிறது; உறைநிலையில் அந்த ரப்பர் வளைந்தால் வரிக் கட்டைகளில் வெடிப்பு விழக்கூடும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். டொராண்டோவிலோ ஆஸ்லோவிலோ வாழ்பவருக்கு இதற்கு ஒரே விடை, பனிக்காலத்துக்கென்று தனி ரிம்களில் தனி டயர்கள் வைத்துக்கொள்வதுதான். கழற்றிய கோடை டயர்களையும் உறையும் குளிரில் வெளிக் கொட்டகையில் போட்டுவைக்கக் கூடாது. பனி அரிதாகவும் குளிர் நீண்டதாகவும் உள்ள ஊர்களில், மிஷ்லன் பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4 போன்ற எல்லாக் காலச் செயல்திறன் டயர்கள் நியாயமான நடுவழி.

தமிழ்நாட்டின் சமவெளியில் இந்தக் கவலையே தேவையில்லை. இங்கே எல்லாக் காலத்துக்குமான டயரைத் தேடி வாங்குவது, வராத பனிக்காகப் பிடிப்பை விட்டுக்கொடுப்பதாகும். டிசம்பர் விடியலில் உதகையிலோ கொடைக்கானலிலோ கிளம்புகிறவர் மட்டும், முதல் சில கிலோமீட்டருக்கு டயர் இன்னும் விழிக்கவில்லை என்று நினைத்து ஓட்டினால் போதும்.

இதே அறிகுறி சமவெளியில், 25 டிகிரியில் தெரிந்தால், காரில் இருப்பது பந்தயத் தளத்தை மனத்தில் வைத்துச் செய்த டயராக இருக்கும். மிஷ்லன் பைலட் ஸ்போர்ட் கப் 2, யோகோஹாமா அட்வான் ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்இ-71ஆர்எஸ் ஆகியவை சூடேறிய பின்பு காட்டும் பிடிப்பு வியப்புக்குரியது. ஆனால் வீட்டிலிருந்து அலுவலகம் வரையிலான நெரிசலில் அந்தச் சூடு ஏறவே ஏறாது. குறைந்த ஆழத்தோடு வரும் இத்தகைய டயர்கள் பாதி தேய்ந்த நிலையில் பருவமழையைச் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை மேலே உள்ள கணக்கே சொல்லிவிடும். மாதம் ஒருமுறை தளத்துக்குப் போகிறவர், அவற்றைத் தனி ரிம்களில் பூட்டி அன்றைக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும்.

வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளுகிறது, அல்லது பின்பக்கம் சட்டென்று விடுகிறது

இங்கேதான் பலர் அகலமான டயரை நோக்கி ஓடுகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு. முன்னும் பின்னும் ஒரே மாதிரி டயர்களா? அழுத்தம் கதவுச் சட்டத்தில் சொன்னபடி இருக்கிறதா? முன்பக்கம் ஒரு நிறுவனத்தின் மென்மையான டயரும் பின்பக்கம் வேறொரு நிறுவனத்தின் கடினமான டயரும் இருந்தால், காய்ந்த சாலையில் தெரியாத அந்த வேறுபாடு, ஈரமான சுற்றுச்சாலை வளைவில் பின்பக்கம் விலகும்போது தெரியும். இது விலையால் தீர்வதில்லை. நான்கும் ஒரே மாதிரியாக இருப்பதால் தீர்வது.

டொயோட்டா 86 இந்த இடத்தில் நல்ல பாடம். 2012இல் அந்தக் கார் வந்தபோது 215/45 ஆர்17 அளவில் மிஷ்லன் பிரைமசி எச்பி என்ற, பயண வசதிக்கான டயர்களோடு வந்தது. பிரியஸ் காரின் சில வகைகளிலும் அதே டயர் இருந்தது. குறைந்த வேகத்திலேயே கார் தன் எல்லையைக் காட்ட வேண்டும், அந்த எல்லை மெதுவாக வந்து மெதுவாக விலக வேண்டும் என்பது வடிவமைத்தவர்களின் நோக்கம். பின்னால் வந்த ஜிஆர்86 காரின் உயர் வகைகள் 215/40 ஆர்18 அளவில் பைலட் ஸ்போர்ட் 4 டயர்களோடு வந்தன: பிடிப்பு கூடியது, எல்லை உயர்ந்தது, அந்த எல்லையைத் தொடும்போது காரின் வேகமும் கூடுதலாக இருந்தது. எனவே டயர் சட்டென்று விடுகிறது என்ற குறைக்கு இன்னும் கடினமான பக்கச்சுவர் கொண்ட, இன்னும் பிடிப்புள்ள டயர் பெரும்பாலும் விடையாகாது. அது பிடிப்பு விட்டுப்போகும் தருணத்தை இன்னும் உயர்ந்த வேகத்துக்கு, இன்னும் குறைந்த முன்னறிவிப்போடு தள்ளிவைக்கும். ஸ்டீயரிங்கில் முன்கூட்டியே தகவல் தரும் டயரே பொதுச்சாலையில் ஓட்டுபவருக்கு வேண்டியது.

அகலத்தைக் கூட்டியே தீர வேண்டும் என்றால் ரிம்மின் அகலத்தைப் பாருங்கள். ஜிஆர்86 காரின் 18 அங்குல ரிம் 7.5 அங்குல அகலம் உடையது. 225/40 ஆர்18 அதில் முறையாகப் பொருந்தும். 245/40 ஆர்18 டயருக்குக் குறைந்தது 8 அங்குல ரிம் வேண்டும். அதைக் குறுகிய ரிம்மில் திணித்தால் பக்கச்சுவர் உள்நோக்கி வளைந்து, வளைவில் டயர் தள்ளாடும். வாங்கிய அகலம் தரையைத் தொடாமல் வீணாகும். விட்டமும் மாறுகிறது: 215/40 ஆர்18 ஏறத்தாழ 629 மில்லிமீட்டர், 245/40 ஆர்18 ஏறத்தாழ 653. 4 விழுக்காட்டுக்குச் சற்றே குறைவான இந்த வேறுபாடு, ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகத்தையும் கியரின் இழுப்பையும் மாற்றிவிடும்.

மலைப்பாதையில் நெடுநேரம் ஓட்டியபின் பிடிப்பு குறைகிறது

டயர் சூடேறி, உள்ளே அழுத்தம் உயர்ந்து, ரப்பர் எண்ணெய் பூசியதுபோல் நழுவத் தொடங்கும். ஓட்டம் நின்றவுடன் அழுத்தத்தை அளந்தால் காலை அளவைவிட மிகுதியாகக் கூடியிருக்கும். காலையிலேயே காற்று குறைவாக இருந்த டயர்தான் கூடுதலாக வளைந்து கூடுதலாகச் சூடேறும் என்பதால், முதல் சந்தேகம் அங்கேதான் போக வேண்டும். காற்று சரியாக இருந்தும் இந்த நிலை அடிக்கடி வந்தால், பொதுச்சாலைக்குத் தேவையான வேகத்தை ஓட்டம் தாண்டிவிட்டது என்று பொருள். அதற்குரிய இடம் இருங்காட்டுக்கோட்டையில் உள்ள பந்தயத் தளமோ கோவையின் காரி மோட்டார் ஸ்பீட்வேயோ போன்ற மூடிய தளம். தளத்தில் சூடான டயரிலிருந்து இறக்கிய காற்றை, வீட்டுக்குக் கிளம்பும் முன் திரும்ப அடிக்க வேண்டும்.

உள்விளிம்பு மட்டும் தேய்கிறது

வெளியிலிருந்து பார்க்கும்போது வரி நன்றாக இருக்கும். தூக்கிப் பார்த்தால் உள்விளிம்பில் கம்பி தெரியும். ஸ்போர்ட்ஸ் கார்களில், அதிலும் பின்சக்கரங்களில், இது மிகவும் பரவலான குறை. வளைவில் வெளிச்சக்கரம் தரையில் முழுமையாக அழுந்த வேண்டும் என்பதற்காகச் சக்கரங்களின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்க்கப்பட்டிருக்கிறது. இந்தக் கேம்பர் சாய்வே தேய்மானத்துக்குக் காரணம் என்று பலரும் சொல்கிறார்கள். கேம்பர் தனியாக இருந்தால் தேய்மானத்தை ஓரளவு உள்பக்கம் நகர்த்தும். டயரை உண்மையில் உரித்தெடுப்பது டோ கோணம், அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. ஒரு சக்கரம் தான் போக வேண்டிய திசையிலிருந்து 0.2 டிகிரி மட்டுமே திரும்பியிருந்தாலும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது ஏறத்தாழ மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே போகிறது. சாய்வினால் எடை முழுவதும் உள்விளிம்பில் நிற்க, அந்த இழுபடுதல் அங்கேயே ரப்பரை அரைக்கிறது.

உறுதிசெய்ய உள்ளங்கையே போதும். டயரின் மேல் குறுக்காக, உள்ளிருந்து வெளியே ஒருமுறையும் வெளியிருந்து உள்ளே ஒருமுறையும் தடவ வேண்டும். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் வரிகளின் ஓரம் கூர்மையாகவும் தட்டுப்பட்டால் டோ தவறியிருக்கிறது. கம்பி வெளியே தெரியும் டயரில் கை வைக்கக் கூடாது, அது கிழித்துவிடும்.

அலைன்மென்ட் (இந்தச் சக்கரக் கோணங்களை அளந்து திருத்தும் வேலை) கடையில் முன்சக்கரங்களை மட்டும் சரிசெய்து அனுப்பிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பின் சஸ்பென்ஷன் தனித்தனியாக இயங்கும் காருக்கு நான்கு சக்கர அலைன்மென்ட் செய்து, சரிசெய்வதற்கு முன்பும் பின்பும் உள்ள அளவுகளை அச்சிட்டு வாங்க வேண்டும். அளவு சரியாக வைத்தும் சில வாரங்களில் மாறிவிட்டால் சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறது. காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங் பூட்டியவர்கள், பூட்டிய அன்றே அலைன்மென்ட் செய்யாவிட்டால் புதிய டயர்களின் ஆயுளை அந்த ஸ்பிரிங்குக்குக் கூடுதல் விலையாகக் கொடுக்கிறார்கள்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி. இரு விளிம்புகளும் ஒன்றாகத் தேய்ந்தால் காற்று குறைவு. வலுவான பின்சக்கர இயக்கக் கார்களில் பின்டயரின் நடு சற்றே முந்தித் தேய்வது இயல்பு.

இரைச்சல்

60 கிலோமீட்டருக்கு மேல் எழுந்து வேகத்தோடு உயரும் இரைச்சலைக் கேட்டவுடன் சக்கரம் சுழல உதவும் பேரிங்கை மாற்றிவிடுகிறார்கள். சாலையின் பரப்பு மாறும்போது, அதாவது கான்கிரீட்டிலிருந்து புதிய தாருக்குப் போகும்போது ஒலியின் தன்மை மாறினால் அது டயர். காலியான சாலையில் மெல்ல இடமும் வலமும் அசைக்கும்போது ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் அது பேரிங். எஞ்சினின் இழுப்பு வராத சக்கரங்களில் வரிக் கட்டைகள் ரம்பப் பற்களைப்போல் தேய்வது இந்த இரைச்சலின் வழக்கமான மூலம். டோ கோணத்தைச் சரிசெய்து, திசை குறிக்கப்படாத டயர்களை இடம் மாற்றினால் மெல்ல அடங்கும். முன்னும் பின்னும் அளவு வேறாக உள்ள கார்களில் அப்படி மாற்ற வழியில்லாததால், டயர் வாங்கும்போதே அமைதியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐரோப்பிய டயர் ஒட்டுச்சீட்டில் ஈரப்பிடிப்பின் தரத்தோடு வெளி இரைச்சலின் டெசிபல் அளவும் அச்சிடப்பட்டிருக்கும்.

அதிர்வு

80 முதல் 110 வரையிலான வேகத்தில் தோன்றி, அதற்கு மேல் மறையும் அதிர்வு பேலன்சிங் (சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இருப்பது) குறைபாடு. ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முன்சக்கரம், இருக்கையில் தெரிந்தால் பின்சக்கரம். பேலன்சிங் செய்தும் போகாவிட்டால் ரிம் வளைந்திருக்கிறதா, டயர் சீரான வட்டமாக இருக்கிறதா என்று சுமை கொடுத்துச் சுழற்றும் இயந்திரத்தில் பார்க்க வேண்டும். வெளிச்சந்தையில் வாங்கிய ரிம்மாக இருந்தால் அதன் நடுத்துளை, சக்கரம் பூட்டப்படும் ஹப்பின் விட்டத்தோடு ஒட்டிப் பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள். பொருந்தாவிட்டால் அதற்கான வளையம் போட வேண்டும்.

சில நாள் நின்ற கார் கிளம்பியவுடன் தடதடத்து, கால்மணி நேரத்தில் சீராகிவிட்டால் அஞ்சத் தேவையில்லை. உயர் வேகத்துக்காக டயரின் மேல்பகுதிக்கு அடியில் சுற்றப்படும் நைலான் அடுக்கு, நின்ற இடத்தில் தட்டையாகி, சூடேறியதும் மீண்டும் வட்டமாகிறது.

குறுகிய இடத்தில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது முன்டயர்கள் தத்தித் தத்திச் செல்வது வேறு. அகலமான டயரும் ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்டீயரிங் வடிவமைப்பும் சேரும்போது, குளிர்ந்த வழவழப்பான தரையில் அது நிகழும். டயரை மாற்ற அது காரணமாகாது.

சாலையின் தடங்களைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது

லாரிகள் பதித்த தடங்களில் கார் தானாக இழுபடுவது அகலத்துக்கும் டயரின் இறுக்கமான தோளுக்கும் (பக்கச்சுவர் மேற்பரப்போடு சேரும் விளிம்பு) கொடுக்கும் விலை. முன்சக்கர டோ வெளிநோக்கி இருந்தால் இது மிகும். அலைன்மென்ட் சரியாக இருந்தும் தொல்லையாக இருந்தால், அடுத்தமுறை நிறுவனம் குறித்த அளவுக்கே திரும்புவது நல்லது.

பக்கச்சுவரில் புடைப்பு

குழியில் அடிபட்டு உள்ளே நூலிழைகள் அறுந்துவிட்டன என்பதற்கு அதுவே சான்று. அந்த டயரில் இன்னொரு பயணம் கூடாது; ஒட்டுப்போடும் வேலையும் இல்லை. வீடு போகும் வரை தாங்காதா என்று கேட்பவர்களிடம் இந்த ஒரு குறையில் மட்டும் நான் இளகிப் பேச மாட்டேன்.

ஒரே ஆண்டில் இது இரண்டாம் முறை நிகழ்ந்தால், கேள்வி டயரின் நிறுவனத்தைப் பற்றியது அன்று; ரிம்மின் விட்டத்தைப் பற்றியது. 215 மில்லிமீட்டர் அகலத்தில் 40 விழுக்காட்டுப் பக்கச்சுவரின் உயரம் 86 மில்லிமீட்டர். 45 விழுக்காட்டில் அது ஏறத்தாழ 97. பிரேக் காலிப்பருக்கு இடம் இருக்குமானால், 18 அங்குலத்திலிருந்து 17க்கு இறங்குவது குழி நிறைந்த சாலைகளுக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த மாற்றம். ஜிஆர்86 போன்ற காரில் வெளிவட்டத்தின் விட்டம் ஏறத்தாழ மாறாது. சக்கரம் பெரும்பாலும் எடையும் குறைந்து, விலையும் குறைந்து வரும். தோற்றம் சற்றே குறையும் என்பது உண்மைதான். காற்று இறங்கினாலும் சிறிது தொலைவு ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயர்களின் இறுகிய பக்கச்சுவர் குழியின் அடியை ரிம்முக்குக் கடத்துகிறது. அவற்றைக் கழற்றிச் சாதாரண செயல்திறன் டயர் போடுகிறவர்கள், காரில் மாற்றுச் சக்கரம் இல்லை என்பதை நினைவில் வைத்துப் பஞ்சர் போடும் பொருள்களையும் சிறு காற்றடிக்கும் கருவியையும் உடன் வைத்திருக்க வேண்டும்.

டயர் மாற்றிய பின் எச்சரிக்கை விளக்கு

அழுத்த உணரியைக் கார் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கலாம். அது சிறு வேலை. நான்கு சக்கர இயக்கக் காரில் வேறு அச்சம் உண்டு. சுற்றளவு வேறுபட்டால், இயக்கத்தைப் பகிரும் பாகங்கள் ஓயாமல் அந்த வேறுபாட்டைச் சமாளித்துத் தேய்கின்றன. சுபாரு நிறுவனம் நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே ஒரு டயர் கெட்டாலும் மற்ற மூன்றின் ஆழத்தை அளந்தே முடிவெடுக்க வேண்டும்.

காரணங்களைச் சரிசெய்த பின்பும் புதிய டயர் தேவை என்றால்

ஈரப்பிடிப்பை முதலிலும், ஓட்டுநருக்குத் தகவல் தரும் தன்மையை இரண்டாவதாகவும், காய்ந்த சாலையின் உச்சப் பிடிப்பை அதற்குப் பின்னும் வைத்துத் தேர்ந்தெடுங்கள். மிஷ்லன் பைலட் ஸ்போர்ட் 4எஸ், கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் ஸ்போர்ட் 02 போன்ற உயர்நிலைக் கோடை டயர்கள் அன்றாட ஸ்போர்ட்ஸ் காருக்கென்றே அமைந்தவை. அமெரிக்கத் தர எண்களில் இவற்றின் தேய்மான எண் (கூடினால் டயர் மெதுவாகத் தேயும்) முறையே 300, 340. கப் 2 டயருக்கு அது 180. இந்த எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் தன் சோதனையின்படி தானே இட்டுக்கொள்வதால், ஒரே நிறுவனத்தின் டயர்களை ஒப்பிட அது பயன்படும் அளவுக்கு இரு நிறுவனங்களை ஒப்பிடப் பயன்படாது. அதனோடு வரும் ஏஏ, ஏ என்ற பிடிப்புத் தரம், ஈரத் தரையில் நேராகப் பிரேக் பிடிப்பதை மட்டுமே அளக்கிறது. வளைவைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

பக்கச்சுவரில் போர்ஷே கார்களுக்கு என்0, என்1 என்றும், பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரமாகவும், மெர்சிடிஸுக்கு எம்ஓ என்றும் குறி இருக்கும். அந்தக் காருக்கென்று உற்பத்தியாளரோடு சேர்ந்து சரிசெய்த டயர் என்பதே அதன் பொருள். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவில் டயர் பூண்ட போர்ஷே 911 போன்ற காரில், குறியுள்ள டயரையும் குறியில்லாத டயரையும் கலக்கக் கூடாது. சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் நிறுவனம் சொன்னதற்குக் கீழே எந்தச் சலுகை விலைக்காகவும் இறங்கக் கூடாது. கடையில் பூட்டுவதற்கு முன்பே தயாரிப்பு வாரத்தைக் காட்டச் சொல்லுங்கள். பூட்டிய பின் கேட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

புதிய டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் வரை, அதிலும் மழையில், திடீர்ப் பிரேக்கும் வேகமான வளைவும் வேண்டாம். சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் நிறுவனம் சொன்ன அளவுக்கு இறுக்கச் சொல்லி, 100 கிலோமீட்டர் ஓடிய பின் மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். மறுநாள் காலையில், கிளம்பும் முன், நான்கு டயர்களிலும் காற்றை அளந்து கடையில் அடித்ததைக் கதவுச் சட்டத்தில் உள்ள எண்ணுக்குத் திருத்திக்கொள்ளுங்கள்.